எந்த மூணாம் நம்பர்?

அந்தக் கல்லூரியில் அவளுக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. மாணவர்களுக்கு அவள் மாடி மேடம். ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில், வணக்கம் சொன்ன கையோடு கரும்பலகையில் ஒரு மூன்றடுக்கு வீடு வரைந்துவிடுவாள். கீழே ஊழியர்கள், நடுவில் கிளை அலுவலகங்கள், உச்சியில் நாடுகள். எத்தனை ஆண்டு வரைந்தும் அந்த வீடு இடப்பக்கம் சாய்ந்தேதான் நிற்கும்.

"ஒரு ஆளு ஏன் இப்படி நடந்துக்கறான்னு கேட்டா, அவனை மட்டும் பார்க்காதீங்க. அவன் எந்த ரூம்ல உட்கார்ந்திருக்கான்னு பாருங்க. அந்த ரூம் எந்த நாட்டுல இருக்குன்னு பாருங்க. நாட்டுக்கு உண்டானதை நாட்டுக்குக் குடுத்து, ரூமுக்கு உண்டானதை ரூமுக்குக் குடுத்துட்டா, கடைசியில கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சம்தான் அந்த ஆளு."

பல அடுக்குப் புள்ளியியல் என்று தலையணைக் கனத்துக்குப் புத்தகம் போட்டுப் பயமுறுத்துகிற விஷயத்தின் சாரம் இவ்வளவுதான். ஒரே கம்பெனி பல நாடுகளில் கடை விரித்திருந்தால், எது நாட்டின் குணம், எது கிளையின் குணம், எது ஆளின் குணம் என்று பிரித்துப் பார்க்கிற வித்தை. "மேடம், அந்த வீட்டுக்கு லிஃப்ட் உண்டா?" என்று வருஷத்துக்கு ஒரு மாணவன் கேட்பான். அவளும் முதல்முறை கேட்பவள்போல வருஷா வருஷம் சிரிப்பாள். நல்ல மனசுக்காரி.

அவள் அந்தக் கல்லூரிக்குள் நுழைந்தது மேடமாக அல்ல. பள்ளிப் படிப்பு முடித்த சூட்டோடு, அலுவலகத்தில் மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றுகிற வேலைக்கு வந்தாள். ஏற்றிக்கொண்டே இருந்தவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒரே பாடம், ஒரே தேர்வு; ஒரு பிரிவு மட்டும் ஏன் எப்போதும் மட்டமாக வாங்குகிறது? பிள்ளைகள் சரியில்லை என்றார்கள் எல்லோரும். இவள் ஒருநாள் அந்த வகுப்பறைக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள். மின்விசிறி போட்ட கூச்சலில் பாடம் நடத்துகிறவரின் உதடு அசைவது மட்டும்தான் தெரிந்தது. அறைதான் சரியில்லை, பிள்ளைகள் அல்ல. அன்று பிடித்த பைத்தியம்தான் அவளை அஞ்சல்வழியில் பட்டம் வாங்கவைத்து, மேற்படிப்பு படிக்கவைத்து, அதே கல்லூரியில் புள்ளியியல் சொல்லித்தருகிறவளாகவும் ஆக்கியது.

கல்யாணமும் அங்கேதான் கூடிவந்தது. கணினி அறையின் ஏசியைச் சரிபண்ண வந்த மெக்கானிக், ஒருமுறை வந்தால் தீர்கிற வேலைக்கு நாலைந்துமுறை வந்தார். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு திருகை அரைகுறையாக முடுக்கிவிட்டுப் போனார் என்பதைக் கல்யாணமான பிறகு அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஏனென்றால் அவர் வாய் அப்படி. அவர் காதில் விழுந்த சேதி ராத்தங்காது. கைவேலையில் சுத்தம், குணத்தில் தங்கம், வாய் மட்டும் மூடி தொலைந்த பாத்திரம். வீடு வீடாகப் போய் ஏணி போட்டு ஏறுகிற தொழில் வேறா, கேட்க வேண்டுமா? ஒரு வீட்டு விஷயம் அடுத்த வீட்டு ஏசியைக் கழட்டும்போது வெளியே வந்துவிடும்.

மனைவி பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த அன்றைக்கே அவளை "டாக்டரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார். பட்டம் வர இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கேட்டால்தானே? அடுக்ககத்தில் இருந்தவர்கள் காய்ச்சலுக்கும் கைகால் குடைச்சலுக்கும் அவள் கதவைத் தட்டத் தொடங்கினார்கள். "நான் அந்த டாக்டர் இல்லைங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்து, கடைசியில் ஒரு காய்ச்சல் மாத்திரை அட்டையை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டாள்.

அவளுடைய ஆய்வு, பல நாடுகளில் லிஃப்ட் செய்து விற்கிற ஒரு கம்பெனியைப் பற்றியது. ஊழியர்களிடம் கேட்ட முக்கியமான கேள்வி ஒன்றுதான்: "வேலையில் ஒரு தவறு நடந்தால், அதை நீங்களாகவே போய் உங்கள் தலைவரிடம் சொல்வீர்களா?" எப்போதும் சொல்வேன் என்பதற்கு ஐந்து, சொல்லவே மாட்டேன் என்பதற்கு ஒன்று. லிஃப்ட் கம்பெனியில் இது சின்னக் கேள்வி அல்ல. திருகு தளர்ந்திருப்பதைத் தெரிந்தவன் வாய் திறக்காவிட்டால், மேலே போனவர் கீழே எப்படி வருவார் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

இந்த ஆய்வுக்கு வழிகாட்டி, துறைத்தலைவர். கமா சார் என்று அவருக்குப் பட்டப்பெயர். எந்த அத்தியாயத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் சிவப்புப் பேனாவால் கமாக்களைத் திருத்தித் தருவார். விட்டுப்போன கமா, வேண்டாத கமா, இடம் தவறிய கமா. கமாவுக்கு முன்னும் பின்னும் இருப்பதை அவர் படித்தாரா என்று யாருக்கும் தெரியாது. கேட்கவும் ஆளில்லை. அவர் அறையில் வருகிறவர்களுக்கென்று ஒரே நாற்காலிதான் உண்டு. அதன்மேல் எப்போதும் கோப்புகள் குவிந்திருக்கும். ஆகவே எல்லோரும் நின்றுகொண்டு பேசுவார்கள். நின்றுகொண்டு பேசுகிறவர்களுக்கு "சரி சார்" என்பதற்கு மேல் வார்த்தை வராது. இளைய ஆசிரியர் ஒருவர் கூட்டத்தில் எழுந்து, "சார், அந்த வரைபடம் தலைகீழா இருக்கு" என்று ஒருமுறை சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைத் தேர்வு மேற்பார்வை எல்லாம் அவருக்கே வந்து சேர்ந்தது. ஒருவர் பட்டது துறை முழுவதற்கும் பாடமாகிவிட்டது.

வருஷக்கணக்காக ஓட்டி எடுத்த ஆய்வின் முடிவு நறுக்கென்று வந்தது. தவறைச் சொல்வதும் சொல்லாததும் நாட்டைப் பொறுத்தது. சில நாடுகளில் சொல்கிறார்கள், சில நாடுகளில் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். எந்தக் கிளை, யார் தலைவர் என்பதெல்லாம் பொருட்டே இல்லை. இவள் நாடும் வாய்பொத்திகளின் வரிசையில்தான் இருந்தது.

கமா சாருக்கு இதைக் கேட்டு வந்த மகிழ்ச்சி கொஞ்சநஞ்சம் அல்ல. "பார்த்தியாம்மா? நம்ம ஆளுங்க மேலே இருக்கறவங்ககிட்ட வாயைத் திறக்க மாட்டாங்க. அது மண்ணோட குணம். என்கிட்டயே பாரு, யாராவது வந்து எதையாவது சொல்றாங்களா? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

"இல்ல சார்" என்றாள் அவள், நின்றுகொண்டே.

இருவர் பெயரிலும் ஒரு கட்டுரை எழுதி வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினார்கள். ஏற்றுக்கொண்டோம் என்று பதிலும் வந்துவிட்டது. கமா சார் ஓய்வுபெறும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பிரிவுபசார விழாவில் "மண்ணின் குணம்" என்ற தலைப்பில் பேசப்போவதாக அறிவித்துவிட்டார். அதற்குள் இவள் ஆய்வேட்டை அவர் கையெழுத்தோடு கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் பட்டம், பட்டம் வந்தால் இத்தனை காலமாகத் தற்காலிகம், தற்காலிகம் என்று இழுத்துக்கொண்டிருந்த வேலை நிரந்தரம். ஏற்கெனவே இரண்டுமுறை நீட்டித்த பதிவு வேறு. நாத்தனார் தொலைபேசியில் பேசினால் நலம் விசாரிப்பதற்கு முன்பே, "என்ன அண்ணி, இன்னும் முடியலையா?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

அவள் கணவரோ முடிவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலமே போய்விட்டார். "என் பொண்டாட்டி கணக்குப் போட்டு நிரூபிச்சுட்டா சார். நம்ம நாட்டுல எவனும் முதலாளிகிட்ட உண்மையைச் சொல்லமாட்டான். சும்மா வாய்ல வந்ததைச் சொல்லலை, பல அடுக்குல போட்ட கணக்கு!" ஏசி கழுவக் கூப்பிட்ட வீடுகளெல்லாம் இலவசமாகச் சர்வதேச வணிக ஆய்வையும் கேட்டுக்கொண்டன.

இப்படி எல்லாம் கூடிவந்த வேளையில்தான் அந்தக் கண்ணாடி வந்தது.

படிப்பதற்காகப் புதுக் கண்ணாடி ஒன்றுக்கு அவள் பணம் கட்டியிருந்தாள். வீட்டில் கொண்டுவந்து தருவதாகச் சொன்னவர்கள் தரவில்லை. விடுமுறை நாள் ஒன்றில் காலைநேரம் அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால், கடைசிக் கட்டடத்து பேங்க் அக்கா நிற்கிறார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், பிள்ளைகள் வெளியூரில். அவர் மூக்கின்மேல் இவளுடைய கண்ணாடி.

"டாக்டரம்மா, இது உங்களோடதான்னு பாருங்க. பையன்தான் வாங்கி அனுப்பிச்சிருக்கான்னு நினைச்சு, ரெண்டு நாளா போட்டுக்கிட்டுத் திரியறேன். படியெல்லாம் வளைஞ்சு தெரியுது, தலை சுத்துது. சரி, வயசாயிடுச்சுபோலன்னு மாத்திரை கேக்க உங்ககிட்ட வரலாம்னு கிளம்பினேன். அப்புறம்தான் டப்பா மேல உங்க பேரைப் பார்த்தேன்."

அந்த அடுக்ககத்தில் நான்கு கட்டடங்கள். ஒவ்வொன்றிலும் வீட்டு எண் ஒன்றிலிருந்துதான் தொடங்கும். இவள் வீடும் மூன்று, பேங்க் அக்கா வீடும் மூன்று. பெட்டியின்மேல் பேருக்குக் கீழே, எந்தக் கட்டடம் என்று இல்லாமல் வெறும் மூன்று என்று அச்சாகியிருந்தது.

மாடி மேடத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உங்க மேல தப்பு இல்லக்கா. வெறும் மூணுன்னு போட்டா, எந்த மூணுன்னு கொண்டுவர்றவனுக்கு எப்படித் தெரியும்? நாலு கட்டடத்துலயும் ஒரு மூணாம் நம்பர் இருக்கு. எந்தக் கட்டடம்னு சேர்த்துச் சொல்லலைன்னா, நாலு மூணும் அவனுக்கு ஒரே மூணுதானே..."

சொல்லிக்கொண்டே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்த பேங்க் அக்கா, அவள் முகத்தைப் பார்த்துப் பயந்து, "என்னம்மா, உங்களுக்கும் தலை சுத்துதா?" என்று கேட்டார்.

சுற்றத்தான் செய்தது. லிஃப்ட் கம்பெனி கொடுத்த தரவில், ஒவ்வொரு நாடும் தன் கிளைகளுக்கு ஒன்றிலிருந்து எண் போட்டிருந்தது. இந்த நாட்டிலும் ஒரு மூன்றாம் கிளை, அந்த நாட்டிலும் ஒரு மூன்றாம் கிளை. கணினியில் அவள் ஏற்றியது வெறும் கிளை எண்ணை. எந்த நாட்டு மூன்றாம் கிளை என்று சேர்த்துச் சொல்லவில்லை. சொன்னதைச் செய்கிற கணினி, உலகத்து மூன்றாம் கிளைகளையெல்லாம் பிடித்து ஒரே அறையில் அடைத்துவிட்டது. ஒன்றுக்கொன்று மொழி தெரியாத ஆட்களை ஒரே தலைவரின்கீழ் உட்காரவைத்துவிட்டு, கிளைக்குக் கிளை ஒரு வித்தியாசமும் இல்லை என்று சொல்லிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கிண்டினால் எது புளிப்பு, எது கசப்பு என்று எப்படித் தெரியும்?

கணினியைப் பழி சொல்லவும் வழியில்லை. ஒவ்வொரு முறையும் கணக்கின் அடியில், கிளைகள் மொத்தம் பன்னிரண்டு என்று அது எழுதித்தான் காட்டியது. நூற்றுக்கும் மேல் இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு! அவளும் வருஷக்கணக்காக அதைப் பார்த்தாள். ஆமாம், நாட்டுக்குப் பன்னிரண்டு கிளைதானே என்று நினைத்துத் தாண்டிப் போனாள். யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் யானை சறுக்கினால் உடனே சத்தமாவது கேட்கும்.

கிளை எண்ணுக்கு முன்னால் நாட்டின் எண்ணையும் சேர்த்து, கணக்கைத் திரும்பப் போட்டாள். அத்தனை வருஷத்துத் தவறைத் திருத்த, ஊற்றிவைத்த காபி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. முடிவு தலைகீழாகிவிட்டது. நாட்டுக்கு நாடு இருந்த வித்தியாசம் சுருங்கி ஒரு ஓரமாக ஒதுங்கிக்கொண்டது. கிளைக்குக் கிளை வித்தியாசம் மலைபோல எழுந்து நின்றது. வாய்பொத்தி நாடு என்று முத்திரை குத்திய இவள் நாட்டிலேயே, சில கிளைகளில் ஆட்கள் தவறை ஓடோடி வந்து சொல்கிறார்கள். வாய்திறக்கிற நாடு என்று பெயர்வாங்கிய இடத்திலும் சில கிளைகளில் மூச்சு விடுவதில்லை. மண்ணின் குணம் அல்ல. அறையின் குணம். மின்விசிறிச் சத்தத்தில் பாடம் கேட்காத அந்தப் பின்வரிசை அவளுக்கு ஞாபகம் வந்தது. சின்ன வயதில் தெரிந்ததை, படித்துப் படித்து மறந்திருக்கிறாள்.

அடுத்த சில நாட்கள் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். சொல்லாமல் விட்டால் என்ன? கமா சார் கமாவைத்தான் பார்ப்பார். தேர்வாளர்கள் முடிவுரையைத்தான் பார்ப்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சிரமம்கூட இல்லை. பூசணிக்காய் இருப்பதே யாருக்கும் தெரியாது. சொன்னாலோ, ஏற்றுக்கொண்ட கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். ஆய்வேட்டைப் பாதி மாற்றி எழுத வேண்டும். அதற்குள் கமா சார் ஓய்வுபெற்றுப் போய்விடுவார், பதிவு காலாவதியாகும், நிரந்தர வேலை கனவாகும். எல்லாவற்றையும்விடக் கொடுமை, அவரிடம் போய்ச் சொல்ல வேண்டிய விஷயம். உங்களிடம் யாரும் வாய் திறக்காததற்குக் காரணம் மண் அல்ல சார், நீங்கள்தான் என்று எந்த வாயால் சொல்வது? பூனைக்கு மணி கட்டுவதென்றால்கூடப் பூனை தூங்கும்போது போகலாம். இவர் தூங்குகிற ஜாதியும் இல்லை.

வேலையில் ஒரு தவறு நடந்தால், அதை நீங்களாகவே போய் உங்கள் தலைவரிடம் சொல்வீர்களா? ஆயிரக்கணக்கானவர்களைக் கேட்ட கேள்விக்கு அவளே மனசுக்குள் பதில் எழுதிப் பார்த்தாள். இரண்டுக்கு மேல் போட முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

தன்னை நம்பிப் பயனில்லை என்று தெரிந்துகொண்டவள், கெட்டிக்காரத்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தாள். கணவரிடம் சொல்லிவிடுவது. அவரிடம் சொன்னால் ஊருக்குச் சொன்னமாதிரி. ஊருக்குத் தெரிந்துவிட்டால் பிறகு பின்வாங்க இடமே இருக்காது. தண்ணீருக்குப் பயப்படுகிறவன் தன்னைப் பிடித்துத் தள்ள ஆள் ஏற்பாடு செய்துகொள்வதுபோல.

காலைப் பலகாரம் முடிந்து, அவர் ஏசியின் வடிகட்டி வலையைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தபோது உட்கார்ந்து சொன்னாள். கண்ணாடிக் கதையிலிருந்து ஆரம்பித்து, மூன்றாம் கிளை வரைக்கும். அவர் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்ப நான் ஊரெல்லாம் சொன்னது?"

"தப்புங்க."

"மண்ணோட குணம்னு...?"

"அதுவும் தப்பு."

அவர் வலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் மேற்கொண்டு ஒரு காரியம் செய்தாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள். அப்படிச் சொன்ன விஷயம் அன்று மாலைக்குள் கடைசிக் கட்டடம் வரை போய்விடும் என்பது அவள் அனுபவத்தில் ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை.

சேதி பரவட்டும் என்று காத்திருந்தாள். பேங்க் அக்கா வழியில் பார்த்து, கண்ணாடி சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். காய்கறிக்கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. கல்லூரிக் காவலாளி வீட்டு ஏசியைக் கழுவ முந்தின நாள்தான் கணவர் போயிருந்தார்; அந்தக் காவலாளிகூட வழக்கமான வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டார். மெதுவாக வேகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். எப்படியும் இந்நேரம் கமா சார் காதுக்குப் போய்க்கொண்டிருக்கும். அது போய்ச் சேர்வதற்குள் நாம் போய்விடுவதுதான் மரியாதை. அந்தக் கடன்வாங்கிய தைரியத்தோடு அவர் அறைக் கதவைத் தட்டினாள்.

கமா சார் அவளுடைய முடிவுரையைத்தான் திருத்திக்கொண்டிருந்தார். நாற்காலியில் வழக்கம்போலக் கோப்புகள்.

"சார், ஒரு தப்பு நடந்துபோச்சு."

"நானும் பார்த்தேன். ரெண்டாவது பத்தியில ஒரு கமா..."

"கமா இல்ல சார். கிளை."

சொன்னாள். வீட்டு எண், கண்ணாடி, பன்னிரண்டு என்று முன்பின்னாகத்தான் வந்தது. ஆனால் கமா சாரை எதுவும் தெரியாதவர் என்று நினைப்பது தவறு. பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. பேனாவின் மூடியை எடுத்து மெதுவாக மூடினார். தலைக்குமேல் ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"வீட்டுக்காரருக்குத் தெரியும் சார்."

"போச்சு போ. அவருக்குத் தெரிஞ்சா ஊருக்கே..." என்றவர் நிறுத்திப் புருவத்தைச் சுருக்கினார். "இரு இரு. நேத்துதானே வந்து இந்த ஏசியைக் கழுவிட்டுப் போனாரு? வழக்கமா காது புளிச்சுப்போற அளவுக்குப் பேசுவாரு. நேத்து வாயே திறக்கலையே. உடம்பு சரியில்லையான்னு நான்தான் கேட்டேன்."

சொல்லவில்லையா? இந்த அறைக்கே வந்து, இந்த மனிதரையே பார்த்து, அவர் சொல்லவில்லையா? பிடித்துத் தள்ளுவார் என்று நம்பியிருந்த கை, பின்னாலிருந்து சட்டையைப் பிடித்துக் காப்பாற்றியிருக்கிறது. இப்போது இந்த விஷயம் தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்றே பேர். பின்வாங்குகிற வழி திரும்பவும் திறந்துகொண்டது.

கமா சாரும் அதைத்தான் யோசித்திருக்க வேண்டும். குரலைத் தணித்தார். "அவரே சொல்லலை. நீ ஏம்மா சொல்லிக்கிட்டு? தீசிஸ் பைண்டிங்குக்குப் போகப்போகுது. அந்த நம்பரை எவன் தோண்டிப் பார்க்கப்போறான்? நான் இப்பவே கையெழுத்துப் போட்டுத் தர்றேன். நீயும் நிம்மதியா இரு, நானும் நிம்மதியாப் போறேன்."

அவள் மேசைமேல் இருந்த பேனாவைப் பார்த்தாள். சரி சார் என்று சொன்னால் போதும். இந்த அறையில் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். நாக்குக்குப் பழக்கமான வார்த்தை.

"இல்ல சார். ஜர்னலுக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்ப வாங்கணும். தப்பு என்னோடது. அப்படியே எழுதறேன் சார்."

அவர் முகம் சிவந்தது. ஞாயிற்றுக்கிழமை மேற்பார்வைகள் அவள் கண்முன் வரிசையாக வந்துபோயின. பேனாவை ஒதுக்கி வைத்துவிட்டு அவர் கேட்டார்.

"சரியாப் போட்டா என்னதான் வருது?"

"நாடு கொஞ்சம்தான் சார். கிளைதான் நிறைய."

"கிளைன்னா?"

"தலைவர் சார். அந்த ரூம்ல உட்கார்ந்திருக்கறவர்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு அறையைப் பார்த்தார். அந்த நாற்காலியைப் பார்த்தார், முதல்முறையாகப் பார்ப்பவர்போல. எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, கோப்புகளை இரண்டு கையாலும் அள்ளித் தரையில் வைத்தார். தூசி பறந்தது, அவருக்கே தும்மல் வந்தது.

"உட்காரும்மா" என்றார். "மொதல்லேருந்து சொல்லு."

பதிவை இன்னொருமுறை நீட்டிக்கச் சொல்லி அவரே கடிதம் எழுதினார். ஓய்வுக்குப் பிறகும் வழிகாட்டியாகத் தொடர ஒப்புக்கொண்டார். பிரிவுபசாரப் பேச்சின் தலைப்பை என்ன செய்வது என்றுதான் அவருக்குப் பெரிய கவலை. அழைப்பிதழ் அச்சாகிவிட்டதாம். நிரந்தர வேலை இந்த ஆண்டு இல்லை என்பது உறுதியாகிவிட்டது. ஆனாலும் அவள் நடை என்னவோ லேசாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது கணவர் கருவிப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகம் வாடியிருந்தது. அவள் நேராகக் கேட்டாள்.

"ஏங்க, கமா சார்கிட்ட நீங்க சொல்லலையா?"

"நான் எதுக்குச் சொல்றேன்? நீதானே சொல்லாதேன்னே?"

"யார்கிட்டயுமா சொல்லலை?"

"என் பொண்டாட்டி பண்ணின தப்பை ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிய நான் என்ன கிறுக்கனா? ரெண்டு வீட்டுல மண்ணோட குணம் என்னாச்சுன்னு கேட்டாங்க. பல்லுவலின்னு சொல்லிட்டு வந்துட்டேன். வாயை மூடிக்கிட்டு வேலை பார்க்கறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? வயிறே உப்பிப்போச்சு."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் உண்மையும் வந்துவிட்டது. "நீங்க சொல்லிடுவீங்கன்னு நம்பித்தானேங்க உங்ககிட்ட சொன்னேன்!"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "அப்ப, என்னைப் பத்தி உன் கணக்கு அவ்வளவுதானா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவளுக்குச் சுரீரென்றது. மூன்றாம் கிளைத் தவறைக் கண்டுபிடித்தபோதுகூட அவள் இவ்வளவு கூசவில்லை. வாய் நீளமானவர் என்று ஒரு முத்திரையைக் குத்தி, அதற்குமேல் இந்த மனிதரிடம் மிச்சம் எதுவும் இல்லை என்று கணக்கை மூடிவிட்டிருக்கிறாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மிச்சத்தைப் பார் என்று சொல்லிக்கொடுத்தவள். அருகில் போய் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்புங்க. அதுவும் என் தப்புதான்" என்றாள். கண் கலங்கிவிட்டது.

அவர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். அவ்வளவு நேரம் அவரால் பேசாமல் இருக்க முடியும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார்கிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"திட்டினாரா?"

"உட்காரச் சொன்னாரு."

"உட்காரவா! அவரா!" அவர் எழுந்தே விட்டார். "அப்ப, இனிமே வெளியில சொல்லலாமா?"

"சொல்லுங்க."

கருவிப்பை இருந்த இடத்திலேயே கிடந்தது. செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு அவர் படியிறங்கி ஓடியதை அவள் பால்கனியில் நின்று பார்த்தாள். கடைசிக் கட்டடத்தின் கீழே பேங்க் அக்கா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அடைபட்டிருந்த குரல் மொத்தமும் திறந்துகொண்டு, நான்கு கட்டடத்துக்கும் கேட்டது.

"அக்கா, விஷயம் தெரியுமா? என் பொண்டாட்டி கணக்குல பெரிய தப்புப் பண்ணிட்டா! யாரும் கண்டுபிடிக்கலை. அவளே போய்ச் சொல்லிட்டாக்கா, அவளே!"